மனிதர்தான் என்பதற்கு அத்தாட்சி

கெட்டது வந்தால் சொல்லாமல் கொள்ளாமல் வரும் என்பார்கள். அதெல்லாம் அந்தக் காலம். 2007-ஆம் வருஷம் அத்தாவுல்லாவைத் தேடிக்கொண்டு வந்த கெட்டது ஃபிளெக்ஸ் பேனர் கட்டி, பொன்னாடை போர்த்தி, போட்டோகிராபரையும் கூட அழைத்துக்கொண்டு, நல்ல நேரம் பார்த்துத்தான் வந்தது.

அத்தாவுல்லா மேற்குத் தாம்பரம் பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் எஸ்.டி.டி. பூத் வைத்திருந்தான். பிறவியிலிருந்தே பார்வை கிடையாது. அந்த ஒதுக்கீட்டில்தான் பூத்தே கிடைத்தது. ஊரில் ஆளுக்கொரு செல்போன் வந்த பிறகு பூத்து காற்று வாங்கியது. கதவைத் திறந்து வருகிறவன்கூட நூறு ரூபாய்க்குச் சில்லறை கேட்டுவிட்டுப் போனான். இந்த லட்சணத்தில் இன்னும் எத்தனை நாள் ஓட்டுவது என்று அவன் தவித்துக்கொண்டிருந்தபோதுதான் குரோம்பேட்டையில் ஒரு தனியார் மருத்துவமனையில் டெலிபோன் ஆபரேட்டர் வேலை இருப்பது தெரிய வந்தது. போய்ப் பேசினான். மேனேஜருக்குக் குரல் பிடித்துப்போயிற்று. "பிளஸ் டூ பாஸ்னு ஒரு சர்டிபிகேட் மட்டும் கொண்டா தம்பி. தீபாவளி வரைக்கும் சீட்டைக் காலியா வெச்சிருக்கேன்" என்றார்.

அவனுக்கும் பிளஸ் டூவுக்கும் நடுவே குறுக்கே படுத்திருந்தது ஒரே ஒரு பேப்பர். பொருளியல். செப்டம்பரில் எழுத வேண்டும்.

அதற்கும் ஆண்டவன் ஒரு வழி விட்டிருந்தான். ஜெயஸ்ரீ மிஸ். மதுராந்தகம் பக்கத்துப் பள்ளியில் பொருளியல் டீச்சர். மஸ்கட்டில் இருக்கும் கணவரோடு பேச வெள்ளிக்கிழமைதோறும் பூத்துக்கு வருவார். மஸ்கட் லைன் என்ன, கூப்பிட்ட குரலுக்கு ஓடி வருமா? காத்திருந்த நேரத்தில் ஒருநாள், "புக்கை எடு, சும்மாதானே உக்காந்திருக்கேன், படிக்கிறேன்" என்று ஆரம்பித்தார். பிறகு அவரே, "ஒரு தடவை கேட்டா நிக்காதுப்பா, டேப்ல பிடிச்சுக்கோ" என்றார். கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு, பாடம் பாடமாகக் கேசட்டில் பேசினார். "படகு கடலுக்குப் போகாத மாசத்துல கோவளத்துல சங்கரா மீன் என்ன விலை விக்குது? அதான் அளிப்பு குறையறது. புரிஞ்சுதா?" என்பார். பின்னால் கண்டக்டர் "வேளச்சேரி, வேளச்சேரி" என்று கத்துவதும் சேர்ந்தே பதிவாகியிருக்கும்.

எந்தக் கேசட் எந்தப் பாடம் என்று தெரிய அத்தாவுல்லா உறைமேல் தீக்குச்சிகளைப் பசை போட்டு ஒட்டி வைத்திருந்தான். முதல் பாடத்துக்கு ஒரு குச்சி, இரண்டாம் பாடத்துக்கு இரண்டு. விரலால் தடவினால் போதும். பாதிப் பாடம் மனப்பாடம் ஆகியிருந்தது. மீதியையும் கேட்டு முடித்திருந்தால் இந்தக் கதைக்கே வேலை இருந்திருக்காது.

அந்தச் சமயம் பார்த்துத்தான் தாம்பரம் சானடோரியத்தில் 'திறந்தநிலை உள்ளடக்கிய மின்கல்வி மையம்' முளைத்தது. எல்லோரையும் உள்ளே சேர்த்துக்கொண்டு கம்ப்யூட்டர் வழியாக இலவசமாகப் பாடம் சொல்லித்தரும் ஸ்தாபனம். இயக்குநர் முனைவர் வைத்தீஸ்வரன். சக்கர நாற்காலிக்காக வாசலில் அருமையான சாய்தளம் கட்டியிருந்தார்கள். அதில் இயக்குநரின் கார் நின்றது. வெயில் படாத இடம் அது ஒன்றுதான்.

ஒரு வெள்ளிக்கிழமை ஜெயஸ்ரீ மிஸ் இயக்குநரையே பூத்துக்குக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"அறிவுக்குப் பூட்டுப் போடுவது பாவம், தம்பி" என்றார் வைத்தீஸ்வரன். உட்கார்ந்து பேசினாலும் மைக் பிடித்த மாதிரியே பேசுவார். "அறிவு காற்றைப் போன்றது. ஒருவர் பையில் அடைபட்டுக் கிடக்கலாமா? அந்தக் கேசட்டுகளை எங்களிடம் ஒப்படையுங்கள். நாங்கள் பத்திரமாக உள்ளே வைத்துப் பூட்டிக்கொள்கிறோம்."

அத்தாவுல்லாவுக்குச் சுருக்கென்றது. "மிஸ்?" என்றான்.

"குடு அத்தாவுல்லா. உன்கிட்ட இருந்தா உனக்கு ஒருத்தனுக்குத்தான். அங்க போனா உன்னை மாதிரி எத்தனை பேர் கேட்பாங்க! உனக்கும் கம்ப்யூட்டர்ல தெளிவா கேட்கும். நான் இருக்கேன்ல?"

நான் இருக்கேன்ல என்று மிஸ் சொன்ன பிறகு என்ன யோசனை? பூந்தமல்லி பார்வையற்றோர் பள்ளியில் தன்னோடு படித்தவர்களை நினைத்துக்கொண்டான். அவர்களுக்கும் கிடைக்குமே என்று மனசு குளிர்ந்தது. ரெக்ஸின் பையோடு தூக்கிக் கொடுத்தான். பை கைமாறும்போது போட்டோ எடுத்தார்கள். "கேமராவைப் பாருங்க தம்பி" என்றான் போட்டோகிராபர்.

திறப்பு விழாவில் அவனை மேடை ஏற்றிப் பொன்னாடை போர்த்தினார்கள். இயக்குநர் சுட்டியால் ஒரு சொடுக்குச் சொடுக்க, திரையில் குத்துவிளக்கு எரிந்ததாகப் பக்கத்திலிருந்தவர் சொன்னார். கைதட்டல் வானைப் பிளந்தது. அத்தாவுல்லாவும் தட்டினான்.

மறுநாள் பூத்தைச் சாத்திவிட்டு ராஜகீழ்ப்பாக்கத்தில் ஜாகிர் அண்ணன் நடத்தும் பிரௌசிங் சென்டருக்குப் போனான். திரையில் இருப்பதை வாய்விட்டுப் படிக்கும் மென்பொருளை ஜாகிர் அவனுக்காகவே ஒரு கம்ப்யூட்டரில் போட்டு வைத்திருந்தார். பெயர் அடித்தான், கடவுச்சொல் அடித்தான். அடுத்து அந்த இயந்திரக் குரல் "படம்" என்றது. மறுபடி தட்டினான். "படம்" என்றது. எத்தனை தட்டினாலும் அதே பாட்டு.

"அண்ணா, இதென்னண்ணா?"

ஜாகிர் எட்டிப் பார்த்தார். "கோணல்மாணலா நாலு எழுத்துப்பா. கோழி கிளறினாப்புல கீது. அதைப் பார்த்து கீழ அடிக்கணுமாம். நீ மிஷின் இல்ல, மனுஷன்தான்னு அதுக்குத் தெரியணுமாம்."

"பார்வை இல்லாதவங்களுக்கான தளம்தானே இது?"

"அப்படித்தாம்பா மேல பெருசா போட்டுகீறான். இரு, நான் சொல்றேன், நீ அடி."

ஜாகிர் சொல்ல அவன் அடிக்க, கதவு திறந்தது. ஜெயஸ்ரீ மிஸ் குரல் வந்தது. நான்காம் பாடம், ஐந்தாம் பாடம். அத்தாவுல்லாவுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆறாம் பாடத்தில் "இப்போ விலைவாசி ஏறினா ஏழைக்கு என்ன ஆகும்னா" என்ற இடத்தில் குரல் பொசுக்கென்று நின்றது. ஏழைக்கு என்ன ஆகும் என்பது தெரியாமலே அவன் வீடு திரும்பினான்.

மறுநாள் நேராக மையத்துக்கே போனான். வாசலில் இருந்த உதவியாளர் தசரதனிடம், நேற்றுச் சாயங்காலம் பாடம் ஏன் பாதியில் நின்றது என்று கேட்டான்.

"இன்னாப்பா நீ, அஞ்சரைக்கு மேல எவன் இருப்பான்? வெப்சைட் ஓடுற பெரிய பொட்டி கீதே, அந்த ரூமைப் பூட்டி சாவியைக் குடுத்துட்டுத்தான் நான் வூட்டுக்குப் போவணும். சுச்சை அமுக்காம போனா கரண்ட் பில்லு யாரு கட்றது? நாயித்துக்கெழம லீவு. ரெண்டாவது சனி லீவு. வெப்சைட்டும் மனுசன்தானே?"

அவனைவிட வெப்சைட்டுக்கு அந்த அந்தஸ்து சீக்கிரம் கிடைத்துவிட்டது, பாருங்கள்.

உள்ளே போனதும் இயக்குநர் வாய் நிறைய வரவேற்றார். வெள்ளந்தியாக அத்தாவுல்லா எல்லாவற்றையும் கொட்டினான். "பாடம் நல்லா கேட்குது சார். அந்த எழுத்தை மட்டும் ஜாகிர் அண்ணன் படிச்சுச் சொன்னார். அதை எடுத்துட்டீங்கன்னா நானே போய்க்குவேன்."

இயக்குநரின் நாற்காலி கிறீச்சென்று முன்னால் நகர்ந்தது.

"வேறொருவர் படித்தாரா?" என்றார் வைத்தீஸ்வரன். "அது ஆள்மாறாட்டமாயிற்றே! எங்கள் கொள்கையின் அடித்தளமே மாணவரின் சுயசார்பு. பார்வையற்றவர் பிறர் உதவியின்றித் தாமே பார்த்துப் படித்துக்கொள்ள வேண்டும் என்பதற்காகத்தானே தம்பி, இவ்வளவு செலவு?"

அவன் கணக்கை அங்கேயே முடக்கினார். கோபமாக அல்ல, மிகுந்த கனிவோடு. "கவலைப்படாதீர்கள். விதியில் இடம் இருக்கிறது. தாங்கள் மனிதர்தான் என்பதற்கு அரசு அதிகாரியிடம் ஒரு அத்தாட்சி வாங்கி வாருங்கள். திறந்துவிடுகிறோம்."

வெளியே வரும்போது கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டி இருப்பதைத் தசரதன் சொன்னார். உள்ளே அவனுடைய கேசட்டுகள். 'முற்காலக் கல்விக் கருவிகள்' என்று அட்டை எழுதி வைத்திருந்தார்களாம். அத்தாவுல்லா கையை நீட்டினான்.

"தொடாதேப்பா, போர்டு போட்டுகீது."

"தீக்குச்சி எல்லாம் இருக்கா அண்ணா?"

"அந்தக் குப்பையா? சொரண்டி எடுத்து நல்லா தொடச்சாச்சு. இப்போ பளபளன்னு கீது."

மூன்று வருஷ வெள்ளிக்கிழமைகள் அவை. சுரண்டிவிட்டார்கள்.

தாலுகா ஆபீசில் வருவாய் ஆய்வாளர் கோதண்டம் விஷயத்தைக் கேட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். "சாதிக்குத் தரோம். வருமானத்துக்குத் தரோம். நீ செத்துப்போனா உன் வாரிசுக்குத் தரோம். உயிரோட இருக்கிறவன் மனுஷன்னு தர்றதுக்கு இன்னும் ஜி.ஓ. வரலையேப்பா."

"என்னைப் பார்த்தா மனுஷன் மாதிரி தெரியலையா சார்?"

"தெரியுது. தெரியறதுக்கெல்லாம் கையெழுத்துப் போட்டா என் பென்ஷன் என்னாவுறது?"

நடையாய் நடந்தான். செருப்புத் தேய்ந்தது, ஆகஸ்ட் மாதமும் தேய்ந்தது. கடைசியில் கோதண்டமே மனமிரங்கி, 'மேற்படி நபர் இவ்வூரில் வசிக்கிறார்' என்று இருப்பிடச் சான்று எழுதிக் கொடுத்தார். "நபர்னு போட்டிருக்கேன். ஆடு மாட்டை நபர்னு எழுத மாட்டோம். இதை வெச்சு சமாளி."

இயக்குநர் அதை வாசித்து மகிழ்ந்துபோனார். "பிரமாதம்! ஆனால் நாங்கள் காகிதம் வாங்குவதில்லை தம்பி. இது காகிதமற்ற நிறுவனம். ஸ்கேன் செய்து, உங்கள் கணக்கினுள் நுழைந்து, அங்கே பதிவேற்றிவிடுங்கள்."

"உள்ளே நுழைய முடியாமத்தானே சார் இதையே வாங்கினேன்?"

"அதனால்தான் பதிவேற்றச் சொல்கிறேன்" என்றார் வைத்தீஸ்வரன். பொறுமையின் சிகரம் அவர்.

இத்தனைக்கும் நடுவில் ஜெயஸ்ரீ மிஸ் பூத்துப் பக்கமே வரவில்லை. அவருக்கும் செல்போன் வந்துவிட்டதாம். மையத்திலேயே 'உள்ளடக்கத் தலைவர்' பதவியும் வந்துவிட்டதாம். அத்தாவுல்லா அதையும் நல்லதாகவே எடுத்துக்கொண்டான். நம் மிஸ் உள்ளேயே இருக்கிறார், பார்த்துக்கொள்வார் என்று ஜாகிரிடம் சொன்னான். ஜாகிர் தானே புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படித்துப் பார்த்தார், அவருக்கே ஒன்றும் விளங்கவில்லை.

தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் மையத்திலிருந்து ஆள் வந்தது. மையத்துக்கு விருது கொடுப்பதற்கு முன் பார்வையிட டெல்லியிலிருந்து வல்லுநர் குழு வருகிறது, அத்தாவுல்லா மேடையில் தளத்தை இயக்கிக் காட்ட வேண்டும், அதற்காகக் கணக்கைத் திறந்துவிடுகிறார்கள், காட்டினால் திறந்தபடியே விட்டுவிடுவார்கள். ஓடினான். ஆறாம் பாடத்திலிருந்து கேட்க ஒரு வாரம் போதும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே ஓடினான்.

டெல்லிக் குழு ஜி.எஸ்.டி. ரோட்டு நெரிசலில் மாட்டி மாலையில்தான் வந்து சேர்ந்தது. வைத்தீஸ்வரன் மைக்கைப் பிடித்தார். "எங்கள் கதவுகள் திறந்தவை. எவ்வளவு திறந்தவை என்றால், கதவு எங்கே இருக்கிறது என்பதே பலருக்குத் தெரிவதில்லை! இதோ, இந்தத் தம்பி யாருடைய துணையும் இல்லாமல் உள்ளே செல்வதைக் காணுங்கள்."

அத்தாவுல்லா பெயர் அடித்தான், கடவுச்சொல் அடித்தான். "படம்" என்றது இயந்திரம். பெரிய திரையில் அந்தக் கோழிக் கிளறல் விழுந்தது. சபை காத்திருந்தது.

இயக்குநர் குனிந்து அவன் காதில், "எம், ஏழு, கே, எஸ்" என்றார். யாருடைய துணையும் இல்லாமல் அடித்தான். தவறு என்றது திரை.

"அது எம் இல்லை, டபிள்யூ" என்றார் டெல்லி வல்லுநர், ஆர்வம் தாங்காமல் எழுந்து வந்து. ஒருவர் சொன்னதை இன்னொருவர் மறுத்தார். ஜெயஸ்ரீ மிஸ் "ரெண்டு வி சார்" என்றார். முன்வரிசையிலிருந்து ஒரு தொழிலதிபர் அது எழுத்தே இல்லை, ஏதோ கீறல் என்றார்.

"யார் சொல்றதை சார் அடிக்கணும்?" என்று கேட்டான் அத்தாவுல்லா.

மூத்தவர் சொன்னதை அடிக்கச் சொன்னார்கள். இரண்டாம் முறை தவறு, மூன்றாம் முறையும் தவறு. 'நீங்கள் மனிதர் என்பது உறுதிப்படவில்லை. இக்கணினி முடக்கப்படுகிறது' என்று ஆளுயர எழுத்தில் திரையில் வந்ததைப் பின்வரிசையில் யாரோ உரக்கப் படித்தார்கள். அதே நேரம் மணி ஐந்தரை ஆயிற்று. தசரதன் கடமை தவறாதவர். திரை அணைந்தது.

வேறு யாராக இருந்தாலும் நாண்டுகொண்டிருப்பார்கள். வைத்தீஸ்வரன் மைக்கை விடவே இல்லை. "கண்டீர்களா! முனைவர்கள், வல்லுநர்கள், தொழிலதிபர்கள், இத்தனை பேர் கூடி முயன்றும் உள்ளே நுழைய முடியவில்லை. பாதுகாப்பு என்றால் இது! அதைவிட முக்கியம், பார்வை உள்ளவரையும் இல்லாதவரையும் எங்கள் தளம் சமமாக வெளியே நிறுத்துகிறது. உள்ளடக்கிய கல்விக்கு இதைவிடச் சான்று உண்டா?"

டெல்லிக் குழு எழுந்து நின்று கைதட்டியது. விருது அங்கேயே அறிவிக்கப்பட்டது. இந்த முறை அத்தாவுல்லா கைதட்டவில்லை.

எல்லோரும் டிபனுக்குப் போனதும் மிஸ்ஸின் செருப்புச் சத்தத்தைக் கண்டுபிடித்துப் பின்னாலேயே போனான்.

"மிஸ், எனக்கு வெப்சைட் வேணாம். கேசட்டும் வேணாம். ஆறாவது பாடம் பாதியும் அடுத்த ரெண்டு பாடமும் ஒரே ஒரு தடவை வாயால படிச்சுச் சொல்லுங்க. பூத்துக்குக்கூட வர வேணாம், நீங்க சொல்ற இடத்துக்கு நான் வரேன்."

மிஸ்ஸின் வளையல் சத்தம் கேட்டது.

"முடியாது அத்தாவுல்லா. கையெழுத்துப் போட்டுட்டேன். அந்தப் பாடம் இனிமே மையத்துக்குச் சொந்தம். என் குரல்ல அதை வெளியில யாருக்கும் படிக்கக் கூடாதாம்."

"என் புக்கு மிஸ். எனக்காகப் படிச்சது."

"தெரியும்பா."

"நான் இருக்கேன்னு சொன்னீங்களே மிஸ். அதை நம்பித்தானே பையோட குடுத்தேன்?"

"என்னை என்ன பண்ணச் சொல்ற? இந்த வேலை போச்சுன்னா திரும்ப மதுராந்தகம். விடியற்காலை பஸ், ரெண்டு பசங்களை யார் பார்ப்பா? உனக்கென்ன, நீ கெட்டிக்காரன், எப்படியும் பாஸ் பண்ணிடுவ." அவர் குரல் உடைந்தது. உடைந்த குரலோடு டிபனுக்குப் போய்விட்டார். அத்தாவுல்லா அங்கேயே நின்றான். இயக்குநர் மேல் வராத கோபமெல்லாம் மிஸ் மேல் வந்தது. கோபத்தைவிட அவமானமாக இருந்தது.

தேர்வு வந்தது. கேள்வியைப் படித்துச் சொல்லிப் பதிலை எழுத ஒரு ஆள் கொடுத்திருந்தார்கள். முதல் ஐந்து பாடத்தில் வந்த கேள்விகளுக்கு அவன் சொன்ன வேகத்தில் எழுதுகிறவருக்குக் கை வலித்தது. பிறகு அவர் படித்தார்: "விலைவாசி உயர்வால் ஏழைகளுக்கு ஏற்படும் விளைவுகளை விளக்குக." அத்தாவுல்லா உட்கார்ந்தே இருந்தான். தனக்கு என்ன ஆயிற்று என்பதைச் சொல்லலாமா என்று யோசித்தான். அதற்கெல்லாம் மார்க் போட மாட்டார்கள்.

கொஞ்ச மார்க்கில் பாஸ் தவறிப்போயிற்று. தீபாவளி கழிந்து மருத்துவமனைக்குப் போன் போட்டான். வேறொரு ஆபரேட்டர் எடுத்து, நல்ல குரலில், மேனேஜர் மீட்டிங்கில் இருப்பதாகச் சொன்னார்.

சில நாள் கழித்து, சில்லறை கேட்க வந்த ஒருவர், "தம்பி, எதிர்க்க பெரிய பேனர் வெச்சிருக்காங்களே, உன் போட்டோதானே அது?" என்றார். அவன் பொன்னாடையோடு சிரிக்கிறானாம். 'எங்களால் உயர்ந்த முதல் மாணவர்' என்று போட்டு, கீழே இலவச உதவி எண் ஒன்றும் கொடுத்திருந்தார்களாம். எண்ணை அவரிடமே கேட்டுக்கொண்டான். அவர் போனதும் தன் பூத்திலிருந்தே சுழற்றினான்.

மணி அடித்து, எடுக்கப்பட்டது.

"வணக்கம். திறந்தநிலை உள்ளடக்கிய மின்கல்வி மையம் உங்களை அன்புடன் வரவேற்கிறது" என்றது ஜெயஸ்ரீ மிஸ்ஸின் குரல். அதே குரல்தான். பின்னால் கண்டக்டர் சத்தம் மட்டும் இல்லை. "கல்வி அனைவருக்கும் சொந்தம். பார்வையற்ற மாணவர்கள், தங்கள் கணினித் திரையில் தெரியும் எண்ணை இப்போது அழுத்தவும்."

அவன் எந்த எண்ணையும் அழுத்தவில்லை. ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.

"மிஸ், நான்தான் மிஸ். அத்தாவுல்லா பேசறேன்."

"மன்னிக்கவும்" என்றார் மிஸ். "தாங்கள் யார் என்பது உறுதிப்படவில்லை."